வாக்குரிமை சதுரங்க மன்றங்களிலிருந்து தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் 2025-இல் நிறைவேறியதைத் தொடர்ந்து, விளையாட்டு அமைப்புகள் தத்தம் விதிகளைத் திருத்த வேண்டிய கட்டாயம் வந்திருக்கிறது. நிர்வாகக் குழுவில் சிறந்த வீரர்கள் குறைந்தது இருவருக்கும், குறைந்தது நான்கு பெண்களுக்கும் இடம் தர வேண்டும் என்று அச்சட்டம் சொல்வது வரவேற்கத்தக்கது. ஆனால் அந்தக் குழுவைத் தேர்ந்தெடுப்பவர்கள் யார் என்ற கேள்வியை, சதுரங்கத்தைப் பொறுத்தவரையாவது, இந்தத் திருத்தத்தோடு சேர்த்தே எழுப்பியாக வேண்டும்.

அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பின் 2021 ஜனவரித் தேர்தலில் பதிவான வாக்குகள் மொத்தம் 64. மாநிலச் சங்கம் ஒன்றுக்கு இரண்டு வீதம். (பலகையில் உள்ள கட்டங்களும் அத்தனைதான் என்பது தற்செயல்.) தலைவர் பதவி 33-க்கு 31 என்ற கணக்கில் முடிவானது. ஒரே ஒரு மாநிலச் சங்கம் தன் இரண்டு வாக்குகளையும் மாற்றிப் போட்டிருந்தால் முடிவு அப்படியே தலைகீழாகியிருக்கும். செயலாளர் தேர்தலின் 35-29 என்ற முடிவோ நீதிமன்றப் படியேறியது. பதவியில் இருப்பவர் மீண்டும் போட்டியிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வாக்குப் பெற வேண்டும் என்ற விளையாட்டு விதிமுறையைக் காட்டி, தில்லி உயர் நீதிமன்றம் 2022 ஜூனில் அத்தேர்வைச் செல்லாது என்று அறிவித்தது. இவ்வளவு நெருக்கமான போட்டியில் ஒரு மாநிலத்தின் இரண்டு பிரதிநிதிகள் யாருக்கு வாக்களிப்பது என்பதை அந்த மாநிலத்தில் சதுரங்கம் ஆடுகிற, ஆடவைக்கிற எத்தனை பேர் சேர்ந்து முடிவு செய்தார்கள்?

மாநிலங்களுக்குச் சமமான வாக்கு என்பதை நான் குறை சொல்ல வரவில்லை. வீரர் எண்ணிக்கையை வைத்து வாக்குகளைப் பங்கிட்டால் தமிழ்நாட்டுக்கும் மகாராஷ்டிரத்துக்கும் ஆதாயம்தான். ஆனால் சிறிய மாநிலங்களின் குரல் எடுபடாமல் போகும். உலக அமைப்பான ஃபிடேயும் ஒரு நாட்டுக்கு ஒரு வாக்கு என்றே வைத்திருக்கிறது. குறை அந்த இரண்டு வாக்குகளுக்குக் கீழே இருக்கிறது. ஊர்தோறும் உள்ள சதுரங்க மன்றம் (கிளப்) மாவட்டக் கழகத்திலும், மாவட்டம் மாநிலத்திலும், மாநிலம் கூட்டமைப்பிலும் உறுப்பு என்ற இந்த அடுக்கில், ஒவ்வொரு படியிலும் வாக்கு சுருங்கிக்கொண்டே போய், மேலே சேரும்போது மன்றத்தின் விருப்பம் அதில் இருக்கிறதா என்று கேட்கவும் வழியில்லை.

சதுரங்கம் இங்கே மன்றங்களில்தான் வளர்ந்தது. 1972-இல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன் முன்னின்று தொடங்கிய தால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் ஆடப் பழகினார். 1988-இல் அவர் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டரானார். இன்றும் சிற்றூர்களில் ஞாயிற்றுக்கிழமைப் போட்டி நடக்கிறதென்றால், கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதும், விடியற்காலையில் பலகைகளையும் கடிகாரங்களையும் மேசை மேசையாகப் பரப்புவதும், யாருடன் யார் ஆடுவது என்ற ஜோடிப் பட்டியல் தாமதமானால் பெற்றோரிடம் பேச்சு வாங்குவதும் மன்றத்துக்காரர்கள்தாம். அந்தப் போட்டியின் கட்டணத்தையும் நாட்காட்டியையும் நிர்ணயிப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் இவர்கள் பார்வையாளர்கள்.

மன்றங்களுக்கு வாக்கு என்றதும் எழும் மறுப்பு ஒன்று உண்டு, அது நியாயமானதும்கூட. தேர்தல் நெருங்கினால் லெட்டர்பேடு சங்கங்கள் முளைக்கும். ஒரே வீட்டு முகவரியில் மூன்று மன்றங்கள் பதிவாகும். சங்கப் பதிவுச் சான்றிதழ் வாங்குவது பெரிய காரியமல்ல. ஆகவே பதிவை மட்டும் தகுதியாகக் கொள்ளக் கூடாது. முந்தைய இரண்டாண்டுகளில் ரேட்டிங் போட்டி (ஆட்டக்காரரின் தரப்புள்ளிக்குக் கணக்கிடப்படும் போட்டி) ஒன்றையாவது நடத்தியிருப்பது, பட்டியலிடப்பட்ட ஆட்டக்காரர்கள் இருபது பேராவது இருப்பது, தணிக்கை செய்த கணக்கை ஆண்டுதோறும் தாக்கல் செய்வது என்ற மூன்றையும் நிறைவேற்றிய மன்றத்துக்கே ஒரு வாக்கு என்று வைக்கலாம். போட்டி முடிவுகளும் ஆட்டக்காரர்களின் பதிவு எண்களும் ஃபிடே தளத்திலேயே இருப்பதால் இவற்றில் பெரும்பகுதியை எவரும் சரிபார்த்துவிட முடியும். கட்டணப் பயிற்சி மட்டும் அளிக்கும் அகாடமிகளை இதில் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாணவரின் பெற்றோருக்கு உறுப்பினர் உரிமை எதுவும் தராத ஒரு நிறுவனம், வாக்கு மட்டும் கேட்பது முறையாகாது.

அமெரிக்கக் கூட்டமைப்பின் நிர்வாகக் குழுத் தேர்தலில் தனி உறுப்பினர்களே நேரடியாக வாக்களிக்கிறார்கள். அந்த அளவுக்கு உடனே போக வேண்டியதில்லை. மாவட்டக் கழகத்தை மன்றங்கள் தேர்ந்தெடுக்கட்டும். மாநிலப் பிரதிநிதிகள் இருவரும் யாரை ஆதரிப்பது என்பதை மாவட்டங்கள் கூடித் தீர்மானமாக எழுதிக் கொடுக்கட்டும். அத்தீர்மானமும் வாக்காளர் பட்டியலும் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன்பே வெளியிடப்படட்டும். ஒருவர் கையில் பலரது பதிலி வாக்குகள் (பிறர் சார்பில் போடும் வாக்குகள்) சேர்வதை அடியோடு தடுக்க வேண்டும்.

குகேஷ் உலக வாகையரானதும், புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இரட்டைத் தங்கம் கிடைத்ததும் 2024-இல். இந்தப் பெருமையைக் காட்டி, நிர்வாகம் சரியாகத்தான் நடக்கிறது என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். ஆட்டக்காரர்களின் வெற்றியைத் தேர்தல் முறைக்கு நற்சான்றாக எடுத்துக்கொள்வது பொருந்தாது. விதித் திருத்த வரைவு பொதுக்குழுவில் வைக்கப்படும் முன் அதைப் பொதுவில் வெளியிட்டு, மன்றங்களின் கருத்தை எழுத்து மூலம் பெறுமாறு கூட்டமைப்பைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சதுரங்க மன்றச் செயலாளர்,
திண்டுக்கல் மாவட்டம்.