பராமரிப்பும் ஆராய்ச்சிதான்: வேலூர் பக்கத்துக் கைடுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத்தலைவர்களுக்கும் கைடுகளுக்கும் வணக்கம்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை என்று இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் ஆய்வு செய்கிற பிள்ளைகளுக்கு ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்றால் கடைசியில் வந்து நிற்பது என்னைப் போன்ற ஆட்களிடம்தான். நாம் காசு கொடுக்காமல் பயன்படுத்துகிற திறந்த மூல மென்பொருள்களைப் பராமரிக்கிற வேலையையும் ஆராய்ச்சியாக ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அந்த உரிமையில் எழுதுகிறேன், கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பைத்தான் கணினி மொழியில் எண் கணக்குப் போட உதவுகிற நம்பை (NumPy) பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பைத்தானில் நடக்கிற அறிவியல் கணக்கில் பெரும்பகுதி அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. 2022 டிசம்பரில் வந்த 1.24 பதிப்பில் தசம எண்ணைக் குறிக்கிற 'என்பி.ஃப்ளோட்' (np.float) என்ற பழைய பெயரை எடுத்துவிட்டார்கள். அப்புறம் கொஞ்ச நாளைக்குப் பிள்ளைகள் ஒருத்தர் மாற்றி ஒருத்தர் வந்தார்கள்: "அண்ணா, நேத்து வரைக்கும் ஓடுச்சு, இன்னைக்கு ஃப்ளோட்னு ஒண்ணே இல்லைங்குது." கூடவே கைடு சொன்னதாக ஒரு வசனம்: "இலவச சாஃப்ட்வேர்னா இப்படித்தான், சொல்லாம கொள்ளாம மாத்திடுவானுங்க."

சொல்லாமல் கொள்ளாமலா? 2021 ஜனவரியில் வந்த 1.20 பதிப்பிலிருந்தே அந்தப் பெயரைத் தொடும்போதெல்லாம் எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருந்தது, ஏறக்குறைய இரண்டு வருடம். நம் பிள்ளைகள் கண்ணில் அது படாததற்குக் காரணம், சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் பென்டிரைவில் கைமாறி வருகிற ஸ்கிரிப்ட்டில், இம்போர்ட் வரிகளுக்கு அடுத்தபடியாக, எந்த எச்சரிக்கையும் காட்டாதே என்று ஒரு வரி இருக்கிறது. யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. பிரிண்ட் எடுக்கும்போது சிவப்புப் பட்டை விழுந்தால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து கிடைக்காதாம்!

எதை எடுப்பது, எவ்வளவு முன்கூட்டிச் சொல்வது என்பதற்கெல்லாம் நம்பைக்காரர்களிடம் எழுதிவைத்த முறை இருக்கிறது. பெரிய மாற்றம் என்றால் முன்மொழிவு எழுதிப் பொதுவில் வைப்பார்கள், யார் வேண்டுமானாலும் வாதாடலாம், வழிநடத்த ஒரு குழுவும் உண்டு. இந்த ஏற்பாடெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ராஸ்ஸம், ஒரு சின்ன இலக்கண மாற்றத்துக்கு நடந்த சண்டையில் வெறுத்துப்போய் 2018 ஜூலையில் தலைமையை விட்டு விலகினார். 2019இலிருந்து அங்கே தேர்தல் வைத்து ஐந்து பேர் கொண்ட குழு. ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. உங்கள் பிள்ளைகளின் ஆய்வேட்டில் வரும் படங்களில் பாதியைப் போட்டுக்கொடுக்கிற மேட்ப்ளாட்லிப்பை எழுதியவர் ஜான் ஹன்டர் என்கிற நரம்பியல் ஆராய்ச்சியாளர். அவர் 2012 ஆகஸ்ட்டில் இறந்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்திருந்தார்கள், வேலை நிற்கவில்லை.

பெரிய நிறுவனம் கையில் இருந்தால் நிம்மதி என்று நினைக்கிறவர்கள் ஜவ்வாது மலை மேல் காவலூர் வானாய்வகத்துக்குப் போய்வந்த இயற்பியல் துறைக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். வானியல் தரவைச் சுத்தம் செய்ய உலகமே பயன்படுத்திய ஐராஃப் (IRAF) என்ற மென்பொருள், அமெரிக்கத் தேசிய வானியல் நிறுவனம் ஒன்று பல ஆண்டு காலம் வளர்த்தது. 2013க்குப் பிறகு அவர்கள் கைவிட்டார்கள். இன்று அதை ஓடவைத்துக்கொண்டிருப்பது தன்னார்வலர்கள்.

இதில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி. நம்பைக்கு 1.0 பதிப்பு வந்தது 2006இல், அதற்கென்று முதல் நிதி கிடைத்தது 2017இல். நடுவில் இருந்த பதினோரு வருடமும் யாரோ சிலர் தங்கள் சனி ஞாயிறைக் கொடுத்து ஓட்டியிருக்கிறார்கள், நாம் அதை வைத்து முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறோம். வட ஆற்காட்டுக்காரர்களுக்குக் குடிமராமத்து என்றால் என்னவென்று விளக்க வேண்டாம்: ஏரித் தண்ணீர் பாய்கிற நிலத்துக்காரன் வீட்டிலிருந்து ஒரு ஆள் மண்வெட்டியோடு வர வேண்டும், வராதவன் மடையைப் பற்றிப் பேச முடியாது. நம் ஊர்க் கல்லூரிகளிலிருந்து மண்வெட்டி போகவே இல்லை, புகார் மட்டும் போகிறது.

நம் நாட்டிலிருந்து போன கொஞ்சமும் எப்படிப் போனது? 2020 அக்டோபரில், இப்படிப்பட்ட மென்பொருள்களுக்கு நான்கு திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் என்று ஒரு விழா அறிவித்தார்கள். நம் நாட்டுப் பிள்ளைகளில் ஒரு கூட்டம், ரீட்மீ என்கிற அறிமுகக் கோப்பில் 'அருமையான ப்ராஜெக்ட்' என்று இரண்டு சொல் சேர்த்துச் சேர்த்து அனுப்பி, பராமரிப்பாளர்கள் திட்டித் தீர்த்து, விழாக்காரர்கள் விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எண்ணிக்கைக்குத்தான் மதிப்பு என்று அவர்களுக்குப் பழக்கிவிட்டது யார்? ஸ்கோபஸ் என்கிற ஆய்வுக் கட்டுரைப் பட்டியலில் எத்தனை என்பதைத் தவிர வேறெதையும் கேட்காத கூட்டங்களில் நானும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு மாணவி ஒரு பிழையைப் பிடித்து, அது எந்தப் பதிப்பில் வருகிறது, எந்த ஐந்து வரியில் வருகிறது என்று சுருக்கி, திருத்தமும் அனுப்பி, மூன்று மாதம் அந்த மென்பொருளின் பராமரிப்பாளர்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிச் சேர்க்கவைத்தால், அதை ஆராய்ச்சி வேலையாக ஏற்றுக்கொள்ளுங்கள். ஆறு மாத ரிவ்யூவில் அதற்கு ஒரு இடம் கொடுங்கள். இப்போது "பேப்பர் என்னாச்சு?" என்ற ஒரே கேள்வியில் அது காணாமல் போகிறது. ஆய்வேட்டில் மென்பொருளின் பெயரையும் பதிப்பையும் எழுதி, அதன் கட்டுரையை மேற்கோள் காட்டச் சொல்லுங்கள். நம்பைக்கு 2020இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரையே இருக்கிறது.

அப்புறம், இந்த மென்பொருள்களைப் பராமரிக்கிற குழுக்கள் இணையத்தில் நடத்துகிற திறந்த கூட்டங்கள். பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய வசதிக்கு வைக்கிறார்கள், நமக்கு ராத்திரியாகிவிடுகிறது. நேரத்தை மாற்றச் சொல்லலாம், தப்பில்லை. ஆனால் போகாமல் கேட்டால் யார் மாற்றுவார்கள்? ஒரு செமஸ்டருக்குத் துறைக்கு ஒருவர் என்று முறைவைத்து உட்கார்ந்து பார்க்கட்டும், முதல் சில தடவை வாயைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை.

பிழையை எப்படி எழுதி அனுப்புவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க நான் தயார். சனிக்கிழமை மதியம் எனக்கு வேலை இல்லை, காசும் வேண்டாம். லேப் சாவியை வைத்திருக்கிற அண்ணனை மட்டும் அன்றைக்கு லீவு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.