கால்வாயும் உன் பங்கும்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? வளையல்காரர் மகள் கல்யாணத்துக்கு நீ வராததை அவர் இன்னும் சொல்லிக் காட்டுகிறார். அதை நீயே பேசித் தீர்த்துக்கொள். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

ஏரி வரத்துக்கால்வாய் வேலையை இந்த வருஷம் ஊர்க்கூட்டத்தில் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். போன வருஷக் கூத்து உனக்குத் தெரியும். ‘ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வாங்க, சுத்தம் பண்ணிடலாம்’ என்றார்கள். ஜனம் வந்தது, ஜேசிபியும் வந்தது. எங்கே ஆரம்பித்து எதுவரை தோண்டுவது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. சர்வேயர் அளந்து கல் நடாததால் கரையோர நிலத்துக்காரர் வண்டியை மறித்தார். வண்டி சும்மா நின்ற நேரத்துக்கும் வாடகை போனது. அவசரத்தில் மேலோடு வெட்டிய சீமைக்கருவேலம் அடிக்கட்டையிலிருந்து தழைத்து, இப்போது முன்னைவிட அடர்த்தியாக நிற்கிறது. பார்த்தால் வயிறு எரிகிறது.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதே, அந்த மழையிலும் நம் ஏரி நிரம்பிக் கோடி போகவில்லை. மலைத்தண்ணீர் கால்வாயில் ஏற வழியில்லாமல் தார் ரோட்டில் ஓடி வீணானது. அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

என் பெரியவள் காலேஜில் படிக்கிற திட்டமிடல் பாடத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது: முழு வேலையையும் சின்னத் துண்டுகளாக உடைத்து எழுதுவது. 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணை வேலையை இப்படித்தான் துண்டு போட்டுக் கணக்கு வைத்ததாம். எல்லாத் துண்டையும் கூட்டினால் முழு வேலையும் வர வேண்டும், ஒன்றும் விடுபடக் கூடாது, வெளி வேலை எதுவும் உள்ளே நுழையவும் கூடாது. 80 மணி நேர உழைப்புக்கு மேல் இழுப்பதை இன்னும் உடைக்க வேண்டும்.

இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். நான் ‘முள் எடுப்பது’ என்றேன். அவள் அதை அடித்துவிட்டு, ‘கல்வெர்ட்டிலிருந்து ரெட்டைப்பனை வரை முள் வேரோடு பிடுங்கிக் கரைக்கு வெளியே குவித்தாயிற்று, உள்ளே ஓர் அடிக்கட்டைகூட இல்லை’ என்று எழுதினாள். அடடா என்று இருந்தது! யார் போய்ப் பார்த்தாலும் முடிந்தது, முடியவில்லை, இரண்டில் ஒன்றுதான் சொல்ல முடியும். முக்கால்வாசி ஆச்சு என்கிற பேச்சுக்கே இடமில்லை. சேகர், எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. வேலை எங்கே முடிகிறது என்று தெரிந்தால் ஆளுக்குத் தானாகத் தெம்பு வருகிறது.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே ஒரு பெயர். மதகு ஷட்டர் நம் வெல்டிங் மச்சானுக்கு. அளந்து கல் நட்ட பிறகுதான் முள், முள் போன பிறகுதான் ஜேசிபி. வண்டல் எடுக்கத் தாசில்தார் அனுமதி இவை எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை, அதனால் அந்த மனுவை முதலிலேயே கொடுத்தாயிற்று.

பெரியப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ‘தாத்தா காலத்துல காகிதத்துல எழுதியா ஏரி வெட்டினாங்க?’ என்றார். குடிமராமத்தில் அவரவர் நிலத்துக்குத் தக்கபடி கால்வாயில் பங்கு இருந்ததே, ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பங்கிடும் நீர்க்கட்டிக்கு எந்தப் பங்கு யாருடையது என்று மனப்பாடம், நாம் அதைத்தான் எழுதி வைக்கிறோம் என்றேன். மனுஷன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மதகடிப் பங்கை தன் பெயரில் எழுதச் சொன்னார்.

சரி, இப்போது உன்னிடம் வருகிறேன். தப்பிக்கப் பார்க்காதே. கால்வாய்த் தரையின் சரிவு, அதாவது வாட்டம், சரியில்லாவிட்டால் எவ்வளவு தோண்டினாலும் தண்ணீர் நடுவிலேயே தேங்கும். ஊரிலே மட்டம் பார்க்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான். கல்வெர்ட்டிலிருந்து ஏரி வாய் வரை 30 மீட்டருக்கு ஒரு மட்டம், எங்கே எத்தனை அடி தோண்ட வேண்டும் என்று எழுதிய தாள், ஆவணி முடிவதற்குள் என் கையில். உன் பெயரைப் போட்டுவிட்டேன். கருவி நீ கொண்டு வா, அளவுக்கோல் (ஸ்டாஃப்) பிடிக்க ஆள் இருக்கிறது. எந்த ஞாயிறு வருகிறாய் என்று உடனே எழுது.

அன்புடன்,
ரவி