வால்வை மாற்றினாலே மீத்தேன் குறையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மீத்தேன் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பொறுப்போடு எழுதப்பட்ட கட்டுரை. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைப் பற்றிய பகுதியில் மட்டும் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. குழாய் உடைப்பு, மிஞ்சும் வாயுவை எரித்துவிடும் எரிகோபுரம், கைவிடப்பட்ட கிணறு என்ற மூன்றோடு கட்டுரை நின்றுவிட்டது. எந்த விபத்தும் இல்லாமல் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் கிணற்றிலிருந்தும் அன்றாடம் மீத்தேன் வெளியே போகிறது. அங்கே வால்வுகளை இயக்கும் கருவிகளே அதை வெளியேற்றுகின்றன. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் எரிவாயுக் கிணறுகளில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கருவிகளைக் கழற்றி மாட்டியே என் காலம் போனது என்பதால் எழுதுகிறேன்.

கிணற்றிலிருந்து வரும் வாயுவில் பெரும்பகுதி மீத்தேன்தான். அது தனியாக வருவதில்லை. தண்ணீரும் எண்ணெயும் கூடவே வரும். அவற்றைப் பிரிக்க செபரேட்டர் என்ற இரும்புக் கலம் இருக்கும். அதற்குள் தண்ணீர் ஒரு மட்டத்துக்கு ஏறியதும் மிதவை உயரும். உடனே கண்ட்ரோலர் என்ற கட்டுப்பாட்டுக் கருவி ஒரு சிறு வழியைத் திறந்துவிட, கிணற்று வாயு அழுத்தத்தோடு பாய்ந்து, தண்ணீரை வெளியேற்றும் டம்ப் வால்வின் தலையிலுள்ள ரப்பர் சவ்வைத் தள்ளும். வால்வு திறந்து தண்ணீர் தொட்டிக்குப் போகும். மட்டம் இறங்கியதும் வால்வு மூட வேண்டுமல்லவா? அப்போது சவ்வைத் தள்ளிய வாயுவுக்குப் போக்கிடம் வெளிக்காற்றுதான். 'புஸ்' என்ற சத்தத்தோடு போய்விடும். தண்ணீர் அதிகம் வரும் கிணற்றில் இது ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை நடக்கும். சில வகைக் கண்ட்ரோலர்களில் வால்வு அசையாத நேரத்திலும் வாயு இடைவிடாமல் போய்க்கொண்டே இருக்கும். வடிவமைப்பே அப்படி. குளிர்காலத்தில் குழாய்க்குள் உறைந்து அடைத்துவிடாமல் இருக்க மெத்தனால் என்ற சாராய வகைத் திரவத்தைச் செலுத்தும் பம்புகளும் பெரும்பாலும் இதே வாயுவில்தான் ஓடின.

இதை வடிவமைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மின்கம்பி எட்டாத இடங்களில் கிணறுகள் இருந்தன. அழுத்தத்தோடு வாயு கையிலேயே கிடைத்தது. மின்பொறி பட்டுத் தீப்பிடிக்கும் என்ற பயம் கிடையாது. மைனஸ் 40 டிகிரியிலும் ஓடும். அன்றைக்கு அதைவிட நல்ல வழி இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

ஒரு கருவி விடுவது சிறிய அளவுதானே என்று தோன்றலாம். டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்கக் கிணறுகளில் 377 கண்ட்ரோலர்களை அளந்து 2015இல் வெளியிட்ட முடிவின்படி, சராசரியாக ஒரு கருவி மணிக்கு 5.5 கன அடி வாயுவை வெளியேற்றியது. ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 1,360 கன மீட்டர், எடையில் ஒரு டன்னை நெருங்கும். நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. ஆக, ஒரே ஒரு கருவி ஆண்டுதோறும் அறுபதுக்கும் மேற்பட்ட சிலிண்டர் அளவு எரிவாயுவை யாருக்கும் பயனில்லாமல் வானத்துக்கு அனுப்புகிறது. ஒரு செபரேட்டரைச் சுற்றியே இப்படிப் பல கருவிகள் இருக்கும். அதே ஆய்வு சொன்ன இன்னொரு விவரத்தை என் அனுபவமும் உறுதி செய்யும். மொத்த வெளியேற்றத்தில் 95 சதவீதம் வெறும் 19 சதவீதக் கருவிகளிலிருந்து வந்தது. உள்ளே தூசியோ பனியோ சிக்கி மூடாமல் நின்றுவிட்ட கருவி, யாராவது வந்து பார்க்கும் வரை வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். ஆள் நடமாட்டம் இல்லாத கிணற்றடியில் 'யாராவது' வருவதற்கு எத்தனை நாளாகும் என்று சொல்ல முடியாது.

மின்சார வால்வு இந்தச் சிக்கலை அடியோடு தீர்க்கிறது. சவ்வுக்குப் பதில் ஒரு சிறு மோட்டார். 12 அல்லது 24 வோல்ட் நேர்மின்சாரம் போதும். வால்வு அசையும் சில விநாடிகளுக்குத்தான் மின்சாரம் செலவாகும் என்பதால் ஒரு சோலார் பலகையும் பேட்டரியும் வைத்தே ஓட்டலாம். அது பழுதானாலும் விடுவதற்கு அதில் வாயு கிடையாது. மின்சாரம் நின்றால் வால்வு பாதியில் நின்றுவிடுமே என்ற கேள்வி நியாயமானது. ஸ்பிரிங் வைத்தோ, மின்தேக்கியில் சேமித்த மின்சாரத்தைக் கொண்டோ பாதுகாப்பான நிலைக்குத் திரும்பும் வால்வுகள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும் என்றும் இல்லை. அவசரகாலத்தில் மூடும் வால்வு எப்போதாவதுதான் அசையும். அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஓயாமல் திறந்து மூடும் டம்ப் வால்வும் மெத்தனால் பம்பும்தான் முதலில் மாற வேண்டியவை. மின்இணைப்பு உள்ள பெரிய நிலையங்களில் வாயுவுக்குப் பதிலாக அழுத்தக் காற்றைக் கொடுத்துப் பழைய கருவிகளையே வைத்துக்கொள்ளலாம். காற்றிலுள்ள ஈரத்தை நன்றாக நீக்கினால் போதும்.

குளிரிலும் குறைந்த வெயிலிலும் இது நடக்காது என்று கம்பெனிக்காரர்கள் சொன்னபோது நானும் அங்கே இருந்தேன். சோலார் பலகையை ஏறத்தாழ செங்குத்தாக நிறுத்தி வைத்தார்கள், பேட்டரியைக் குளிர் புகாத பெட்டியில் வைத்தார்கள், சில இடங்களில் மெத்தனாலிலிருந்து மின்சாரம் தரும் எரிபொருள் கலத்தை (ஃபியூயல் செல்) துணைக்கு வைத்தார்கள். நடந்தது. இதையெல்லாம் தானாக முன்வந்து செய்தவர்கள் சிலர்தான். மற்றவர்களை நகர்த்தியது சட்டம். புதிய நிலையங்களில் வாயு வெளியேற்றும் கருவிகள் கூடாது என்று கனடாவின் இன்னொரு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியா 2021 முதலும், புதிதாகப் பொருத்தும் கருவிகளின் வாயு காற்றில் போகாமல் தடுக்க வேண்டும் என்று ஆல்பர்ட்டா 2022 முதலும் விதித்தன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2021இல் பழைய கிணறுகளையும் படிப்படியாக மாற்றச் சொன்னது. 2023 டிசம்பரில் துபாய் காலநிலை மாநாட்டின்போது அமெரிக்க மத்திய அரசும் இதேபோன்ற விதியை அறிவித்தது. ஆட்சி மாறியதும் 2025இல் காலக்கெடுக்களைத் தள்ளிவைத்துவிட்டார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். தொழில்நுட்பத்தில் எந்தத் தடையும் இல்லாத இடத்தில் ஆண்டுகளை வீணாக்குகிறார்கள்.

வால்வை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விமானத்திலிருந்து அளந்தபோது, ஆல்பர்ட்டாவின் உண்மையான வெளியேற்றம் அதிகாரபூர்வக் கணக்கைப்போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இருந்தது. தொட்டிகளிலிருந்து போவதும் பெரிய அளவுதான். அவற்றையும் கவனிக்க வேண்டும். ஆனால் எந்தப் பொருளை வாங்கி எங்கே மாட்ட வேண்டும் என்பது வரை தெளிவாகத் தெரிந்த வேலை இது.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன். 2030க்குள் மீத்தேனை 30 சதவீதம் குறைக்கும் உலக மீத்தேன் உறுதிமொழியில் 150க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துவிட்டன. இந்தியா சேரவில்லை. நம் மீத்தேனில் பெரும்பகுதி நெல் வயலிலிருந்தும் கால்நடையிலிருந்தும் வருகிறது, சிறு விவசாயியின் வாழ்வில் கைவைக்க முடியாது என்பது அரசின் வாதம். நான் மன்னார்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். அந்த வாதத்தை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் எண்ணெய்க் கிணற்றின் வால்வை மாற்றுவதால் எந்த விவசாயிக்கு என்ன நட்டம்? காற்றில் போகும் மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. மழை தப்பினாலும் வெள்ளம் வந்தாலும் அடிபடுவது அதே விவசாயிதான். மீத்தேன் காற்றில் தங்குவது ஏறக்குறைய 12 ஆண்டுகள் என்பதால், இன்று நிறுத்தினால் பலனை நாமே பார்க்கலாம்.

நிலத்தடி நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்துக் காவிரி டெல்டா மக்கள் போராடினார்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா அந்தப் பிரச்சாரத்தின்போதே 2013 டிசம்பரில் மறைந்தார். தமிழ்நாட்டில் 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்குத் தடை போட்டது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கிணறுகளை அது தொடவில்லை. அந்தக் கிணறுகள் தொடரலாமா என்ற விவாதம் நடக்கட்டும். ஓடும் வரையிலாவது அவற்றிலுள்ள கருவிகளில் எத்தனை கிணற்று வாயுவில் இயங்குகின்றன, எத்தனை காற்றிலோ மின்சாரத்திலோ இயங்குகின்றன என்ற கணக்கைக் கிணறுவாரியாக வெளியிட வேண்டும். வாயுவில் ஓடுபவற்றை மாற்ற ஆண்டு குறித்து விதி வர வேண்டும். உங்கள் நிருபர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே இதழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். கருவிகளின் வகையைப் பிரித்துப் புரிந்துகொள்ள உதவி தேவைப்பட்டால் எழுதுங்கள், செய்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகன்,
கால்கரி, கனடா