ஐந்துக்கு இரண்டு மார்க்

கும்பகோணம்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதை ஒரு பக்கம் எழுதிவிட்டு, "தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருக்கிறது, வயதாகிவிட்டதல்லவா" என்று கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறாய். எனக்கு அந்த வரிதான் மனதில் நின்றது. 66 எல்லாம் ஒரு வயதா?

நான் படுத்த கதை உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். முந்தின வருஷம் ஐப்பசியில் ஒரு கல்யாணச் சாப்பாடு, இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. அது சரியாகிப் பத்து நாள் கழித்து உள்ளங்கால் மரத்தது. மறுநாள் ஒரு செருப்பு தெருவிலேயே கழன்று கிடக்க, அது தெரியாமலே வீட்டுக்கு வந்திருக்கிறேன். அதற்கடுத்த நாள் டவுன் பஸ் படி ஏற முடியவில்லை. முதலில் பார்த்த டாக்டர் சத்து ஊசி போட்டு அனுப்பினார். இரண்டே நாளில் கையும் எழும்பவில்லை.

நோயின் பெயர் கியான் பாரே. கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி நம் நரம்பின் மேலுறையையே தாக்கிவிடுகிறது. தசை நன்றாகத்தான் இருக்கும், உத்தரவுதான் போய்ச் சேராது. ஐ.சி.யூ.வில் ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்வார்கள், மூச்சுத் தசையும் சோர்கிறதா என்று பார்க்க. நான் ஒருநாள் 14இல் நின்றேன். வீட்டில் எல்லோர் முகமும் மாறிவிட்டது. ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை ஏற்றிய பிறகு, மேலும் மோசமாகாமல் நின்றது.

அப்புறம் பிசியோதெரபி. வந்தது சின்னப் பெண். தசை பலத்துக்கு 0 முதல் 5 வரை மார்க் போடுகிறார்கள். காலை மேலே தூக்க முடிந்தால் 3. என் கால் படுக்கையில் பக்கவாட்டில் நகரும், எழும்பாது. ஆக 2. நம் கணக்கு வாத்தியார் நினைவுதான் வந்தது, அவர்கூட இதைவிட நாலு மார்க் சேர்த்துப் போடுவார். முதலில் நான் எதுவும் செய்யவில்லை. அந்தப் பெண்தான் ஒவ்வொரு மூட்டாக மடக்கி நீட்டிவிடும். பாதம் தொங்கி அப்படியே இறுகிவிடாமலிருக்க ஒரு பட்டையும் கட்டியது. பிறகு கட்டிலோரம் உட்காருவது, கம்பிகளுக்கு நடுவே நிற்பது.

ஒருநாள் ஆசை தாங்காமல், அந்தப் பெண் போனபின் நாற்காலியிலிருந்து முப்பது தடவை எழுந்து உட்கார்ந்தேன். பிறகு இரண்டு நாள் கழிப்பறைக்குப் போகவும் ஆள் தேவைப்பட்டது. சரியான திட்டு வாங்கினேன். நரம்பு தேறும்போது களைக்கும் முன்பே நிறுத்திவிட வேண்டுமாம்.

இவ்வளவும் எதற்கென்றால், உன் கதை வேறு. எனக்குப் பாதத்தில் தொடங்கியது. உனக்குப் பாதம் மரக்கவில்லை. எழுந்திருக்கவும் படி ஏறவும்தான் சிரமம் என்கிறாய். அது தொடையும் இடுப்பும் செய்கிற வேலை. முழங்கால் வலி என்று ஆறு மாதமாக நாற்காலியை விட்டு நகராமல் இருக்கிறாயே, வேலை கொடுக்காத தசை இளைக்கத்தான் செய்யும். ஆனால் அதுதான் என்று நீயாக முடிவு கட்டாதே. தைராய்டு, வைட்டமின் டி, பொட்டாசியம் எது குறைந்தாலும் இப்படி ஆகலாம். கொலஸ்ட்ரால் மாத்திரையாலும் சிலருக்கு வருவதுண்டு. அதை நீயே நிறுத்திவிடாமல் டாக்டரிடம் சொல். சிறுநீர் கழிப்பதில் மாற்றமோ, ஒரு பக்கம் மட்டும் பலவீனமோ தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு.

கால் பலத்துக்கு ஆட்டுக்கால் சூப் குடிக்கலாமா என்கிறாய். குடி, வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் தசைக்கு முட்டையும் மீனும் பருப்பும்தான் உதவும். பரிசோதனை முடிந்ததும் ஒரு பிசியோதெரபிஸ்டைப் பார். அநேகமாக முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, கீழே அழுத்தி ஐந்து எண்ணச் சொல்வார்கள். இதற்கா காசு என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

நான் இப்போது கைத்தடி இல்லாமல் மகாமகக் குளத்தை ஒரு சுற்று வருகிறேன். இடது குதிகால் இன்னும் சரியாக எழும்பாது, அதற்கு 4தான். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் போன் செய். தையில் இங்கே வா, திண்ணையில் உட்காரலாம். தரையில் வேண்டாம்.

அன்புடன்,
ராமு