மாமாவுக்கு, பிப்ரவரி 8

மாமா,

வருஷா வருஷம் இந்த தேதியில நீங்கதான் போன் பண்ணுவீங்க, இந்த தடவ பண்ண மாட்டீங்கன்னு தெரியும், அதான் இங்க எழுதுறேன். 1983-ல இதே தேதியில அயர்லாந்துல திருட்டுப்போன பந்தயக்குதிரை ஷெர்காரோட கதைய நான் உங்களுக்கு சொல்லணுமா, எனக்கு சொன்னதே நீங்கதான்.

கல்யாண பந்தியில பாதி சாப்பாட்டுல எழுந்து போனதுக்கு மன்னிச்சிருங்க. அத்தை முகம் வாடிப்போச்சு, பார்த்தேன். ஆனா பேசுனத வாபஸ் வாங்க மாட்டேன். "உசுரே போனாலும் குதிரைய விடலாமா, அவன்லாம் ஒரு குதிரைக்காரனா"ன்னு ஷெர்கார பார்த்துக்கிட்ட ஜிம் ஃபிட்ஸ்ஜெரால்ட பத்தி அத்தன பேர் முன்னாடி கேட்டீங்களே, எனக்கு ஏன் அவ்ளோ சுருக்குன்னு பட்டுச்சுன்னு உங்களுக்குத் தெரியும். சொந்தக்காரங்க படிக்கிற இடம், அது இங்க வேணாம்.

முகமூடிக்காரங்க துப்பாக்கியோட வீட்டுக்குள்ள நிக்கிறானுங்க, பொண்டாட்டி புள்ளைங்கள ரூம்ல போட்டு பூட்டிட்டானுங்க, ஜிம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ன பண்ணியிருக்கணும் மாமா? தினம் பார்த்துக்கிட்ட குதிரைய அவர் கையாலயே வண்டியில ஏத்த வச்சாங்க. 40 பங்கா பிரிச்சு, பங்குக்கு ரெண்டரை லட்சம் பவுண்டு வெல வச்ச குதிரை, அப்படிப்பட்ட குதிரைக்கு அது இருந்த பாலிமேனி பண்ணையில உருப்படியா ஒரு காவல் இல்ல. ஆளாளுக்கு போன் போட்டுப் பேசி முடிச்சு போலீசுக்கு சொல்றப்ப விடியப்போகுது. அத கேளுங்களேன், ஏன் எப்பவும் சம்பளத்துக்கு நிக்கிறவன் மேலயே பாயுறீங்க?

நீங்க மொதல்ல எனக்கு ஷெர்கார் ஜெயிச்ச அந்த 1981 எப்சம் டெர்பி பந்தயத்த போட்டுக் காட்டுனது ஞாபகம் இருக்கு. கண்ணாடிய கழட்டி வேட்டியில தொடச்சு மாட்டிக்கிட்டு, "நெத்தி வெள்ளைய பாரு, நாக்கு தொங்குது பாரு"ன்னு ஸ்க்ரீன்ல வெரல வச்சீங்க. அத ஓட்டுன 19 வயசு ஜாக்கி வால்டர் ஸ்வின்பர்ன் சும்மா உக்காந்திருக்கான், குதிரை 10 லெங்த், அதாவது பத்து குதிரை நீளம், முன்னாடி போயிடுச்சு, டெர்பியில அவ்ளோ பெரிய வித்தியாசம் அதுக்கு முன்னாடி இல்ல. ரெண்டாவதா வந்த ஜாக்கி ஜான் மத்தியாஸ், முன்னாடி இன்னொரு குதிரை போனதே தெரியாம தான்தான் ஜெயிச்சோம்னு நெனச்சாராம், அத சொல்லி சொல்லி நீங்க சிரிச்சு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. எங்கப்பா கூட எனக்கு அப்படி உக்கார வச்சு எதையும் காட்டுனதில்ல மாமா.

அதனாலதான் கோவமே. 20 லட்சம் பவுண்டு கேட்டாங்க, குடுக்கல. அயர்லாந்து ஆயுதக்குழுவான ஐஆர்ஏ வேலைன்னு அவங்க ஆளா இருந்த ஷான் ஓகாலஹனே பின்னாடி சொன்னாரு, ஆனா ஒருத்தர் மேலயும் கேஸ் நிக்கல, ஒரு எலும்பு கூட கிடைக்கல. குத்தம் பண்ணவன் தப்பிச்சிட்டான், நீங்க ஜிம்ம வஞ்சுட்டு இருக்கீங்க.

ஞாயித்துக்கிழம வரேன், அத்தைகிட்ட சொல்லிடுங்க. விடிய விடிய குதிரை பேசலாம். அந்த மனுஷன பத்தி ஒரு வார்த்த தப்பா வந்தா மறுபடியும் எழுந்து போவேன்.