'புவர்ஸ்' ஏன் தப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார மாணவர் பக்கத்தில், ஆங்கிலத்தில் பெயரடைக்கு (அட்ஜெக்டிவ்) முன்னால் 'தி' போட்டால் அது பெயர்ச்சொல் ஆகிவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எட்டாவது படிக்கும் என் மகள் அதைப் படித்துவிட்டு 'தி புவர்ஸ் நீட் ஹெல்ப்' என்று எழுதிக் கொண்டுவந்தாள். தப்பு என்றேன். "முக்குக் கடையில ஸ்வீட்ஸ்னு போர்டு இருக்கே, ஸ்வீட்டும் அட்ஜெக்டிவ்தானேம்மா, அதுக்கு மட்டும் எப்படி எஸ் வந்துச்சு?" என்கிறாள். நியாயமான கேள்வி, உங்கள் பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை.

ஸ்வீட் முழுப் பெயர்ச்சொல்லாகவே மாறிப்போன சொல். ஒரு ஸ்வீட், இரண்டு ஸ்வீட்ஸ் என்று எண்ணலாம். புவர் அவ்வளவு தூரம் போகவில்லை. 'தி வெரி புவர்' என்று 'வெரி' சேர்க்க முடிகிறதே, அதிலிருந்தே அது இன்னும் பெயரடையின் குணத்தை விடவில்லை என்று தெரியும். அதனால் 'எஸ்' சேராது, ஒருவரைச் சொல்ல 'எ புவர்' என்றும் வராது, 'எ புவர் மேன்' என்றுதான் எழுத வேண்டும், ஆனால் ஏழை மக்கள் எல்லோரையும் சேர்த்துச் சொல்வதால் வினை பன்மையில் வரும், 'தி புவர் ஆர்'. பார்வையற்ற ஒருவரைச் சொல்ல 'எ பிளைண்ட்' என்று எழுதினால் ஜன்னலுக்குப் போடும் மறைப்பு என்று அர்த்தமாகிவிடும்! அப்புறம், 'தி அன்நோன்' (தெரியாதது) போல ஆட்களைக் குறிக்காமல் பொதுவான ஒன்றைச் சொன்னால் வினை ஒருமையில், 'இஸ்'. கோர்ட் செய்திகளில் வரும் 'தி அக்யூஸ்ட்' (குற்றம் சாட்டப்பட்டவர்) ஒருவராகவும் இருக்கலாம், பலராகவும் இருக்கலாம்.

குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், 'புவர்' என்றால் 'ஏழை' என்று நாம் சொல்லிக்கொடுப்பதில்தான். தமிழில் ஏழை பெயர்ச்சொல், 'ஏழைகள்' என்று தாராளமாக வரும், பிள்ளையும் அதே கணக்கில் 'புவர்ஸ்' போட்டுவிடுகிறது. நம் 'நல்ல' என்ற சொல்லைப் பாருங்கள், விகுதி சேர்த்தால் நல்லவன், நல்லவள், நல்லவர்கள், நல்லது என்று ஆளும் எண்ணும் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. பழைய ஆங்கிலத்திலும் பெயரடைக்கு இப்படி விகுதிகள் உண்டு, பார்வையற்ற ஒருவனை 'செ பிளிண்டா' என்றாலே போதும். காலப்போக்கில் அந்த விகுதிகள் தேய்ந்து மறைந்துவிட்டதால், இன்று ஒருவரைச் சொல்ல 'மேன்' மாதிரி இன்னொரு சொல்லைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இதைச் சொன்னதும் மகளே 'எஸ்'ஸை அடித்துவிட்டாள்.

அடுத்த முறை இந்தப் பாடத்தைப் போடும்போது புவர் என்பதற்கு 'ஏழ்மையான' என்று பொருள் கொடுங்கள், ஸ்வீட்ஸையும் பக்கத்திலேயே வைத்து விளக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை