மாரி தொடங்கீட்டுது: கோழிக்கூடு கவனம்

எல்லாருக்கும் வணக்கம். ஞாயிறு காலை 7 மணிக்கு வாசிகசாலையடியில கூட்டுக்குள்ள பரவுற உமி இறங்கும். வெறுஞ்சாக்கோட வாங்கோ.

1. ஈர உமியை முழுக்க அள்ளிப்போட்டு, நிலம் காய்ஞ்சபிறகு 3 அங்குலத்துக்குப் புது உமி பரவுங்கோ. பிறகும் கிழமைக்கு இரண்டுதரம் ஒரு பிடி எடுத்துப் பொத்திப் பாருங்கோ; கையை விரிக்க உருண்டையா நிண்டா ஈரம் கூட. அந்த ஈரத்திலதான் இரத்தக்கழிச்சல் பரவும், குஞ்சுகள்தான் முதல்ல போகும்.

2. வாடைக்காத்து அடிக்கிற வடகிழக்குப் பக்கம் மட்டும் படங்கு கட்டுங்கோ. சுத்திவர மூடினா அமோனியா நெடி அடைச்சுக் கண் வீங்கும். மேல ஒரு சாண் இடைவெளி விடுங்கோ.

3. பூஞ்சணம் பிடிச்ச தீனைக் காயவைச்சும் குடுக்காதேங்கோ, நஞ்சு போகாது.

4. செட்டையைத் தொங்கப்போட்டுத் தூங்குற கோழியை உடன வேறாக்குங்கோ.

எத்தினை சாக்கு வேணுமெண்டு வெள்ளி இரவு 8 மணிக்குள்ள இதில போடுங்கோ.